மெக்ஸ் ஃபீல்டும் பலாலியும்: ஒரு சிறு விமான நிலையம் எதனால் மூடப்படுகிறது, எதனால் மீள்கிறது

2003 மார்ச் 30ஆம் திகதி இரவு, சிக்காகோ நகரின் ஏரிக்கரையில் இருந்த மெக்ஸ் ஃபீல்ட் விமான நிலையத்துக்குள் மாநகர நிர்வாகத்தின் புல்டோசர்கள் நுழைந்தன. விடிந்தபோது 1,188 மீற்றர் நீளமான ஓடுபாதையில் ஆறு பெரிய பெருக்கல் குறிகள் தோண்டப்பட்டிருந்தன. தரிப்பிடத்தில் கட்டிவைத்திருந்த 16 சிறு விமானங்கள் வெளியேற வழியின்றி நின்றன. அங்கு இறங்க வந்த ஒரு விமானம், ஓடுபாதையில் இயந்திரங்கள் நின்றதால் திருப்பி அனுப்பப்பட்டது. விமான உரிமையாளர்களுக்கும் அமெரிக்க மத்திய விமான நிர்வாகத்துக்கும் முன்னறிவித்தல் எதுவும் கொடுக்கப்பட்டிருக்கவில்லை.

யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு இதை ஆராயக் காரணம் உண்டு. இங்குள்ள பலாலி பல தடவை மூடப்பட்டு மீண்ட ஓடுபாதை. மெக்ஸ் ஒரே இரவில் அழிந்தது, திரும்பவே இல்லை. ஏறத்தாழ ஒரே காலத்தில் சிவில் பறப்புக்கு வந்த இரண்டு சிறு நிலையங்கள் இவை. எயார் சிலோனின் டக்கோட்டா விமானம் 1947 டிசம்பர் 10ஆம் திகதி இரத்மலானையில் இருந்து புறப்பட்டு, காங்கேசன்துறை என்று அன்று அழைக்கப்பட்ட பலாலியில் தரித்துச் சென்னைக்குப் பறந்தது. சரியாக ஓராண்டு கழித்து, 1948 டிசம்பர் 10இல் மெக்ஸ் திறக்கப்பட்டது. போர், வெடி, கைவிடல் எல்லாவற்றையும் கண்ட நிலையம் இன்று இயங்குகிறது. அமைதியான பணக்கார நகரில் இருந்தது இல்லாமற் போய்விட்டது. இந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்பதைத் தார், வானவெளி, காணி என்ற மூன்று தளங்களில் பார்க்க வேண்டும்.

மெக்ஸ் எப்படி மூடப்பட்டது

மெக்ஸ் இருந்த நிலம் இயற்கையான தரை அல்ல, ஏரியை நிரப்பி உண்டாக்கியது. பரப்பளவு 91 ஏக்கர். நிலத்தின் சொந்தக்காரர் பூங்காச் சபை, விமான நிலையத்தை நடத்தியது மாநகரம். இரண்டுக்கும் இடையில் இருந்தது ஒரு குத்தகை மட்டுமே. அது 1996 செப்டெம்பர் 30இல் முடிந்தது.

அதே ஆண்டில் இன்னொரு பாதுகாப்பும் கழன்றது. அமெரிக்காவில் ஒரு விமான நிலையம் மத்திய அரசின் உதவிப்பணம் பெற்றால், பொதுவாக 20 ஆண்டுகளுக்கு அதைத் திறந்து வைத்திருக்கக் கடமைப்படுகிறது. மெக்ஸ் கடைசியாகப் பணம் பெற்றது 1976இல். ஆகவே 1996க்குப் பிறகு மூடாதே என்று மாநகரத்தைக் கட்டுப்படுத்தும் பத்திரம் எதுவும் மத்திய அரசின் கையில் இல்லை. குத்தகை முடிந்ததும் மேயர் ரிச்சர்ட் டேலி நிலையத்தை மூடினார். மாநில சட்டசபை தலையிட்டதால் 1997 பெப்ரவரியில் மீண்டும் திறந்தது. 2001இல் மேயரும் ஆளுநரும் 2026 வரை திறந்து வைப்பதாக உடன்பட்டார்கள். அந்த உடன்பாட்டை மத்திய சட்டமாக்கும் முயற்சி செனற் சபையில் நிறைவேறவில்லை. அதாவது 2003 மார்ச்சில் மெக்ஸைக் காத்து நின்றது வெறும் வாய்ச்சொல்.

மேயர் சொன்ன காரணம், நகர மையத்துக்குச் சிறு விமானங்களால் வரக்கூடிய தாக்குதல் ஆபத்து. மூடியதற்கு விதிக்கப்பட்ட தண்டத்தைப் பாருங்கள். நிலையத்தைச் செயலிழக்கச் செய்ய 30 நாள் முன்னறிவித்தல் கொடுக்காத குற்றத்துக்கு நாளொன்றுக்கு 1,100 டொலர் வீதம் 33,000 டொலர். அதற்கு மேல் அறவிடச் சட்டத்தில் இடமில்லை. விமான நிலையங்களுக்கென ஒதுக்கிய பணத்தை இடிப்பு வேலைக்குப் பயன்படுத்தியதற்காக 2006இல் 10 இலட்சம் டொலரைத் திருப்பிச் செலுத்தவும் மாநகரம் உடன்பட்டது. ஓடுபாதையைத் திருப்பித் தரும்படி கட்டளையிட யாருக்கும் அதிகாரம் இருக்கவில்லை. இதன் பிறகுதான் முன்னறிவித்தல் இல்லாமல் மூடுவதற்கான தண்டம் நாளொன்றுக்கு 10,000 டொலராகச் சட்டத்தில் உயர்த்தப்பட்டது.

தோண்டிய முறையில் ஒரு கணக்கு இருக்கிறது. சர்வதேச சிவில் விமான அமைப்பின் விதிப்படி மூடிய ஓடுபாதையில் பெருக்கல் குறியை வண்ணத்தால் இடுவார்கள்: ஓடுபாதையில் வெள்ளை, ஓடுவழியில் (விமானங்கள் ஓடுபாதைக்குப் போய்வரும் பாதை) மஞ்சள், இரண்டு குறிகளுக்கு இடையில் 300 மீற்றருக்கு மேல் போகக் கூடாது. அது விமானிக்குச் சொல்லும் செய்தி. மெக்ஸில் செய்தது தடுப்பு. 1,188 மீற்றரில் ஆறு குறிகளைச் சீராக வைத்தால் இடைவெளி 170 மீற்றர் அளவில்தான் மிஞ்சும். நான்கு இருக்கை செஸ்னா 172க்கு, கடல் மட்டத்தில் 15 பாகை வெப்பத்தில், தரையில் ஓடி எழும்ப மட்டும் 293 மீற்றர் வேண்டும். நடுவில் ஒரு குழி தோண்டியிருந்தால் இரு பக்கமும் ஏறத்தாழ 600 மீற்றர் மிஞ்சியிருக்கும், சிறு விமானம் அதில் தாராளமாக ஏறும். ஆறு தோண்டியது அதனால்தான்.

ஆனால் பக்கத்தில் ஓடிய ஓடுவழியை அவர்கள் தொடவில்லை. அது ஏறத்தாழ 3,000 அடி, அதாவது 910 மீற்றர். சிக்கிய 16 விமானங்களும் பின்னர் அனுமதி பெற்று அதிலிருந்தே எழும்பிப் போயின. தார் என்ற அளவில் மெக்ஸ் அன்று சாகவில்லை. அந்தக் குழிகளைக் கல்லிட்டு இறுக்கித் தார் போட்டு மூடுவது ஓர் ஒப்பந்தகாரரால் முடிகிற வேலை. திருத்த முடியாமல் இருந்தது காணியின் உரிமைப் பத்திரம்.

பலாலியின் தார்

இரண்டாம் உலகப் போரில் பிரித்தானிய விமானப்படை அமைத்த ஓடுபாதை பலாலியுடையது. அதன் திசை 05/23, அதாவது ஒரு முனையில் இருந்து பார்த்தால் ஏறக்குறைய 50 பாகை, மறுமுனையில் இருந்து 230 பாகை. வடகிழக்கும் தென்மேற்கும். தென்மேற்கில் இருந்து சோளகம் வீசும் மாதங்களில் 23 பக்கமாகவும், வடகிழக்கு வாடை தொடங்கினால் 05 பக்கமாகவும் எதிர்காற்றில் இறங்கலாம். எமது இரு பருவக் காற்றுகளுக்கும் ஒரே தார்க்கோடு போதுமாக இருப்பது இந்தத் திசையால்தான். குறுக்கே இரண்டாவது ஓடுபாதை போடத் தேவையில்லை என்பது காணி விடயத்தில் பெரிய இலாபம்.

சிவில் சேவை இங்கு விட்டுவிட்டே நடந்தது. 1998 செப்டெம்பர் 29இல் பலாலியில் இருந்து கொழும்புக்குப் புறப்பட்ட லயன் எயார் அன்ரனோவ் 24 மன்னார்க் கடலில் வீழ்ந்து 55 பேரும் மாண்டபின் சேவை நின்றது. 2002 போர்நிறுத்தத்தில் மீண்டது. 2019 ஒக்டோபர் 17இல் யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறந்து, நவம்பர் 11இல் சென்னையில் இருந்து அலையன்ஸ் எயாரின் ஏ.டி.ஆர். 72 என்ற காற்றாடி விமானம் வந்தது. நான்கு மாதத்தில் கொரோனா. கட்டுநாயக்க 2021 ஜனவரியில் பயணிகளுக்குத் திறந்தது, பலாலி 2022 டிசம்பர் 12 வரை காத்திருந்தது. சிறு நிலையம் பெரும்பாலும் கடைசியாகத்தான் திறக்கப்படுகிறது, ஏனென்றால் குடிவரவு, சுங்கம், தீயணைப்பு என்று ஒவ்வொரு பிரிவும் தனித்தனியாக ஆளணியைத் திருப்பி அனுப்ப வேண்டும். ஒன்று வராவிட்டால் மற்றவை வந்தும் பயனில்லை.

இத்தனைக்கும் தார் பிழைத்ததற்குக் காரணம், இராணுவ விமானங்கள் அதில் தொடர்ந்து ஓடியதுதான். பயன்படுத்தாத தார் பயன்படுத்தும் தாரைவிட வேகமாகக் கெடும். பிற்றுமினில் உள்ள இலகு எண்ணெய்கள் வெயிலில் ஆவியாகும், பசை இறுகும், பிறகு கட்டம் கட்டமாக வெடிக்கும். சக்கரம் உருண்டுகொண்டிருந்தால் அந்த மெல்லிய வெடிப்புகள் ஓரளவு அமுங்கி ஒட்டும். உருளாவிட்டால் வெடிப்பில் மண் சேரும், புல் முளைக்கும், மாரி மழை கீழ்த்தளத்துக்கு இறங்கும். அதன் பின் மேற்பரப்புச் சல்லி கழன்று வரும். காற்றாடி விமானத்துக்கு இதுதான் முதல் ஆபத்து: கழன்ற ஒரு சல்லி, சுழலும் காற்றாடி அலகின் முன்விளிம்பில் பட்டுக் கீறினாலே அலகைச் சோதிக்க வேண்டி வரும்.

பார்வைக்கு நல்லதாக இருக்கிறது என்று ஓடுபாதையைத் திறக்க முடியாது. மையத் துளையிட்டுத் தாரின் தடிப்பையும் கீழ்த்தளத்தையும் எடுத்துப் பார்க்க வேண்டும், பாரம் விழுத்தி எவ்வளவு தாழ்கிறது என்று அளக்க வேண்டும். டக்கோட்டா ஏறத்தாழ 12 தொன், ஏ.டி.ஆர். 72 ஏறத்தாழ 23 தொன். அன்றைக்குத் தாங்கிய கீழ்த்தளம் இன்றைக்கும் தாங்கும் என்பதை இந்த அளவீடு மட்டுமே சொல்லும். இரண்டு சக்கரத் தடங்களும் ஓடும் நடுப்பகுதியில் துளைகளை நெருக்கமாகவும், ஓரங்களில் ஐதாகவும் எடுப்பது வழக்கம். வடிகாலையும் அதே நேரத்தில் பார்க்க வேண்டும், ஏனென்றால் தார் கெடும் இடங்களில் பல வடிகால் அடைத்த இடங்களாக இருப்பதைத் துளை காட்டிக் கொடுக்கும்.

வெயிலையும் கணக்கில் எடுக்க வேண்டும். 34 பாகையில் கடல் மட்டத்துக் காற்று, நியம நாளில் (கடல் மட்டத்தில் 15 பாகை) 2,280 அடி உயரத்தில் இருக்கும் காற்றின் ஐதுக்கு வந்துவிடும். செஸ்னா 172க்கு 30 பாகையிலேயே தரையோட்டம் 325 மீற்றராகவும், 50 அடி உயரத் தடையைத் தாண்டும் தூரம் 550 மீற்றராகவும் கூடிவிடும். சித்திரை, வைகாசி மதியங்களில் புறப்படும் பாரத்தைக் குறைப்பதும், பயணப்பொதி எடையில் கை வைப்பதும் இதனால்தான்.

பனையும் இரண்டு சதவீதச் சரிவும்

மூடிக் கிடந்த விமான நிலையத்தை மீட்பதில் தாரைவிடக் கடினமானது வானவெளி. ஓடுபாதையின் முனையில் இருந்து 60 மீற்றர் தள்ளி ஒரு கற்பனைச் சரிவு தொடங்குகிறது. ஏ.டி.ஆர். வகை விமானம் கருவி உதவியுடன் இறங்கும் ஓடுபாதைக்கு அதன் ஏற்றம் 2 சதவீதம்: 100 மீற்றர் வெளியே போனால் 2 மீற்றர் உயரும். இந்தச் சரிவைத் துளைத்துக்கொண்டு எதுவும் நிற்கக் கூடாது.

இதில் பனையைப் பொருத்திப் பாருங்கள். 20 மீற்றர் உயரமான பனை, முனையில் இருந்து 1,060 மீற்றருக்குள் நின்றால் தடை. 25 மீற்றர்ப் பனை 1,310 மீற்றர் வரை தடை. பக்கவாட்டில், மையக்கோட்டில் இருந்து 140 மீற்றருக்கு அப்பால் ஏழுக்கு ஒன்று என்ற சரிவு ஏறுகிறது, ஆகவே 20 மீற்றர்ப் பனை மையக்கோட்டில் இருந்து 280 மீற்றருக்குள் நிற்க முடியாது. 1990 ஜூனில் வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்த பிறகு ஆளில்லாமற் கிடந்த காணிகளில் விழுந்த பனங்கொட்டைகள் வடலியாகி, பலதும் இன்று நெடும்பனையாகிவிட்டன. வேம்பை, பூவரசைக் கிளை தறித்து உயரம் குறைக்கலாம். பனைக்கு அது முடியாது. தலையை வெட்டினால் குருத்துப் போய் மரம் பட்டுவிடும். தறிப்பதானால் முழு மரத்தையும் தறிக்க வேண்டும், அதற்கு அனுமதி எடுக்க வேண்டும், காணிக்காரருக்கு ஈடு கொடுக்க வேண்டும். அதனால் தடை அளவீட்டில் மரங்களை மொத்தமாகத் தோப்பு என்று எழுதாமல், ஒவ்வொரு பனைக்கும் இடமும் உச்சி உயரமும் எடுத்து, சரிவைத் தொடுபவற்றை மட்டும் குறிப்பதே நியாயம். தொடாத பனை ஒன்றைத் தறிப்பது ஒரு குடும்பத்தின் ஓலையையும் ஒடியலையும் வீணாகப் பறிப்பது.

தொலைபேசிக் கோபுரம், நீர்த்தாங்கி, கோயில் இராசகோபுரம் ஆகியவற்றுக்கு வேறொரு எல்லை உண்டு. ஓடுபாதையைச் சுற்றி 4 கிலோமீற்றருக்குள் விமான நிலைய மட்டத்தில் இருந்து 45 மீற்றருக்கு மேல் எழும்பக் கூடாது. பிரதேச சபை கட்டட அனுமதி வழங்கும் மேசையில் இந்த எல்லை வரைந்த படம் இருந்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

காணி

இப்போது மெக்ஸின் பாடம் இங்கே பொருந்தும் இடத்துக்கு வருகிறோம். மெக்ஸில் நிலம் ஒருவருடையது, நிலையம் இன்னொருவருடையது, நடுவில் காலாவதியான குத்தகை. பலாலியைச் சுற்றிக் காணி உறுதி வைத்திருப்பவர்கள் ஆயிரக்கணக்கான குடும்பங்கள். 2013இல் வலிகாமம் வடக்கில் 6,381 ஏக்கரைச் சுவீகரிக்க அறிவித்தல் ஒட்டப்பட்டது. அது விமான நிலையத்துக்கு மட்டுமான அளவல்ல, படைத்தளங்களையும் சேர்த்தது. பிறகு பகுதி பகுதியாகக் காணிகள் விடப்பட்டன. இன்னும் விடாதவை இருக்கின்றன. அவற்றின் மேல் ஓடுபாதை விரிவாக்கம் என்ற காரணம் அடிக்கடி வைக்கப்படுகிறது.

ஆகவே ஒரு விமான நிலையத்துக்கு உண்மையில் எவ்வளவு காணி வேண்டும் என்று எண்ணிப் பார்ப்பது அவசியம். 2,300 மீற்றர் ஓடுபாதை ஒன்றை எடுத்துக்கொள்வோம். இரு முனையிலும் 60 மீற்றர் சேர்த்தால் நீளம் 2,420. மையக்கோட்டில் இருந்து இரு பக்கமும் 140, மொத்த அகலம் 280. இதுதான் ஓடுபாதைப் பட்டி. பெருக்கினால் 6,77,600 சதுர மீற்றர், அதாவது 167 ஏக்கர், எமது கணக்கில் ஏறத்தாழ 2,680 பரப்பு. முனைகளுக்கு அப்பால் பாதுகாப்புத் தரை 240 மீற்றர் நீளம், 90 மீற்றர் அகலம் என்று இரண்டு வைத்தால் இன்னும் 11 ஏக்கர். தரிப்பிடம், முனையம், தீயணைப்பு நிலையம், எரிபொருள் தாங்கி, வேலி, சுற்றுவீதி எல்லாம் சேர்த்துத் தாராளமாகக் கொடுத்தாலும் சில நூறு ஏக்கரில் அடங்கும். இவற்றை விட்டுக்கொடுக்கவே முடியாது. தொழில்நுட்பத் தேவை அங்கேயே முடிகிறது.

அதற்கு வெளியே இருப்பது உயரக் கட்டுப்பாடு மட்டும். முனையில் இருந்து 300 மீற்றரில் அனுமதிக்கத்தக்க உயரம் 4.8 மீற்றர், 500 மீற்றரில் 8.8 மீற்றர். செம்மண் தோட்டத்தில் வெங்காயம், மரவள்ளி, புகையிலை எதுவும் அந்த உயரத்தைத் தொடாது. 500 மீற்றரில் ஒரு மாடி வீடு கட்டலாம். வேண்டியது உயரத் தடை என்றால் உயரத் தடையை எழுதுங்கள், காணியை எடுக்காதீர்கள். சரிவுக்குக் கீழே வரும் காணியைச் சொந்தக்காரரிடமே விட்டுவிட்டு, கட்டட உயரத்தையும் மர உயரத்தையும் உறுதியில் கட்டுப்பாடாகப் பதிந்து அதற்கு ஈடு கொடுப்பது பல நாடுகளில் பழக்கமான முறை. ஓடுபாதைக்கும் அதுவே பாதுகாப்பு. காணிக்காரரின் வழக்கு நிலுவையில் இருக்கும் தரையில் போட்ட தார், மெக்ஸின் குத்தகையைப் போல, யாரோ ஒருவரின் முடிவில் தொங்கிக்கொண்டிருக்கும்.

1950ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் காணி சுவீகரிப்புச் சட்டத்தில் எந்தப் படியில் தன் காணி நிற்கிறது என்பதைக் காணிக்காரர் முதலில் அறிய வேண்டும். 2ஆம் பிரிவு அறிவித்தல் என்றால் அளந்து பார்க்கும் கட்டம் மட்டுமே, காணி இன்னும் உங்களுடையது. 4ஆம் பிரிவில் எழுத்தில் ஆட்சேபம் தெரிவிக்க இடமுண்டு, அறிவித்தலில் குறித்த நாளைத் தவறவிடக் கூடாது. 5ஆம் பிரிவு, பொதுத் தேவைக்கென்று பிரகடனம். 7ஆம் பிரிவில் உரித்தையும் நட்டஈட்டையும் கோர வேண்டும், இதில் உறுதி, தோம்பு (பழைய காணிப் பதிவேடு), பழைய வரைபடம் மூன்றையும் சேர்த்துக் கொடுப்பது நல்லது. 38ஆம் பிரிவுக் கட்டளை வந்தால்தான் அரசு கையேற்கிறது. அவசரம் என்று காட்டி அதே பிரிவின் கீழ் முன்கூட்டியே எடுக்கவும் வழியுண்டு என்பதால், 2ஆம் பிரிவு ஒட்டப்பட்ட உடனேயே சட்டத்தரணியிடம் போவதுதான் புத்தி.

சிறு விமானங்கள் வரவேண்டுமானால்

பெரிய விமானம் ஒன்று கிழமையில் சில நாள் வந்து போவதால் மட்டும் ஒரு சிறு நிலையம் நிலைக்காது. மெக்ஸை உயிரோடு வைத்திருந்தது தனியார், வாடகை, நோயாளர் காவும் சிறு விமானங்கள்தான். அவற்றுக்கு வேண்டியவை குறைவு, ஆனால் குறிப்பானவை. பிஸ்டன் இயந்திரத்துக்கு ஜெற் ஏ-1 என்ற ஜெற் எரிபொருள் உதவாது, அவ்காஸ் என்ற விமானப் பெற்றோல் தனித் தாங்கியில் இருக்க வேண்டும். தவறி மாற்றி ஊற்றினால் எழும்பிய சில நிமிடத்தில் இயந்திரம் நின்றுவிடும். அதனால்தான் இரண்டு எரிபொருளுக்கும் குழாய் வாயின் அளவும் தாங்கியின் நிறக்குறியும் வேறாக இருக்கும். சோளகக் காற்றுக்கு விமானத்தைக் கட்ட, தரிப்பிடத் தரையில் இரும்பு வளையங்கள் பதித்திருக்க வேண்டும்: இரண்டு சிறகுக்கும் வாலுக்கும் மூன்று.

தீயணைப்புத் தேவை விமானத்தின் நீளத்தால் தீர்மானிக்கப்படுகிறது. செஸ்னா 172 முதலாம் தரம், நுரைக்கான நீர் 230 லீற்றர் போதும். 27 மீற்றர் நீளமான ஏ.டி.ஆர். 72 ஐந்தாம் தரம்: 5,400 லீற்றர், ஒரு வண்டி. 37 மீற்றரைத் தாண்டும் ஏ-320 வந்தால் ஆறாம் தரம்: 7,900 லீற்றர், இரண்டு வண்டிகள், ஆளணியும் அதற்கேற்ப. எந்தத் தரமானாலும் ஓடுபாதையின் எந்த இடத்துக்கும் மூன்று நிமிடத்துக்குள் போய்ச் சேர வேண்டும். பெரிய விமானம் வராத நாட்களில் தரத்தைக் குறைத்து அறிவித்து, ஒரு சிறு குழுவுடன் நிலையத்தைத் திறந்து வைத்தால் செலவும் குறையும், சிறு விமானங்களும் வரும்.

விரிவாக்கம் என்ற பேச்சு அடுத்த முறை எழும்போது, மூன்று தாள்களைப் பிரதேச செயலகத்தில் கேட்டுப் பெறுங்கள்: ஓடுபாதைப் பட்டியின் எல்லை குறித்த நில அளவை வரைபடம், தடைச் சரிவின் உயரங்கள் காணி வாரியாக எழுதிய படம், சுவீகரிப்பு எந்தப் பிரிவில் நிற்கிறது என்ற எழுத்துமூலப் பதில். பட்டிக்கு வெளியே இருக்கும் காணி ஏற்கெனவே அரசுடைமையாக்கப்பட்டிருந்தால், அதே சட்டத்தின் 39அ பிரிவின் கீழ் வர்த்தமானி மூலம் மீள விட வழியிருக்கிறது. விண்ணப்பத்தோடு உயரக் கட்டுப்பாட்டுக்கு உடன்படும் கடிதத்தையும் இணைத்துவிட்டால், விமானப் பாதுகாப்பைக் காட்டி அதை மறுக்கத் தொழில்நுட்பக் காரணம் இராது.